இட் நுழையும் இடைவெளி

‘ஹீ டர்ன்ட் ஆன் த லைட்.’ ‘த டாக் டர்ன்ட் ஆன் த பாய்.’ இந்த இரண்டு ஆங்கில வாக்கியங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. எழுவாய், ‘டர்ன்ட்’ என்ற வினை, ‘ஆன்’ என்ற சிறு சொல், கடைசியில் ஒரு பெயர். முதல் வாக்கியத்தில் ஒருவன் விளக்கைப் போட்டான். இரண்டாவதில் நாய் சட்டெனத் திரும்பிச் சிறுவன்மேல் பாய்ந்தது. பொருள் எவ்வளவோ விலகியிருந்தும் சொல்வரிசையில் வேறுபாடு இல்லை. இப்போது பெயர்களை எடுத்துவிட்டு, விளக்குக்கு ‘இட்’ என்றும் சிறுவனுக்கு ‘ஹிம்’ என்றும் போட்டுப் பாருங்கள். விளக்கு வாக்கியம் ‘ஹீ டர்ன்ட் இட் ஆன்’ என்றாகிறது. நாய் வாக்கியம் ‘த டாக் டர்ன்ட் ஆன் ஹிம்’ என்று பழைய வரிசையிலேயே நிற்கிறது. விளக்கைப் போட்டதை ‘டர்ன்ட் ஆன் இட்’ என்று சொன்னால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஐந்து வயதுக் குழந்தைகூட அது தவறு என்று உணர்ந்துவிடும். ஏன் தவறு என்று கேட்டால் பட்டம் பெற்ற பெரியவர்களாலும் எளிதில் பதில் சொல்ல முடியாது.

இரண்டு ‘ஆன்’களும் வேறு வேறு என்பதைப் பிரதிப்பெயர்தான் காட்டிக்கொடுக்கிறது. நாய் வாக்கியத்தில் இருப்பது முன்னிடைச்சொல், பள்ளியில் நாம் பிரிபொசிஷன் என்று படித்தது. அதன் பிடி முழுவதும் பின்னால் வரும் பெயர்மேல். தமிழில் ‘சிறுவன்மேல்’ என்று ஒரே சொல்லாக எழுதுவதை ஆங்கிலம் ‘ஆன் த பாய்’ என்று முன்பக்கமாகக் கட்டுகிறது. விளக்கு வாக்கியத்தின் ‘ஆன்’ வினையைச் சேர்ந்தது, வினையடை. ‘டர்ன்’, ‘ஆன்’ இரண்டும் கூடினால்தான் ‘போடு’ என்ற பொருள் பிறக்கிறது. வேறு வழியிலும் சோதிக்கலாம். ‘டர்ன்ட் சடன்லி ஆன் த பாய்’ என்று நடுவில் ஒரு சொல்லைச் செருகினால் நாய் வாக்கியம் தாங்கும். விளக்கு வாக்கியம் தாங்காது. ‘த பாய் ஆன் ஹூம் த டாக் டர்ன்ட்’ என்று பழைய நடையில் எழுதலாம். ‘த லைட் ஆன் விச் ஹீ டர்ன்ட்’ என்று எழுதினாலோ, ஒருவன் விளக்கின்மேல் ஏறி நின்று திரும்பினான் என்றுதான் கொள்ள முடியும். ஆனாலும் இவற்றில் மிகச் சுருக்கமான, பிழைபடாத சோதனை பிரதிப்பெயரைப் போட்டுப் பார்ப்பதுதான். அது எங்கே போய் உட்காருகிறது என்பதைப் பார்த்தே பக்கத்திலிருக்கும் சிறு சொல்லின் இனத்தைச் சொல்லிவிடலாம்.

‘லுக்’ என்ற ஒரே வினையையும் ‘ஹிம்’ என்ற ஒரே பிரதிப்பெயரையும் வைத்துக்கொண்டு நடுவில் வருவதை மட்டும் மாற்றிப் பார்த்தால் இந்தச் சிறு சொற்களின் வலிமை புரியும். ‘லுக் அட் ஹிம்’ என்றால் அவனைப் பார். ‘லுக் ஃபார் ஹிம்’ என்றால் தேடு. ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்றால் பார்த்துக்கொள். ‘லுக் த்ரூ ஹிம்’ என்றால் கண்ணெதிரே நிற்பவனைக் காணாதவன்போல் நட. இந்த நான்கிலும் நடுவில் இருப்பவை முன்னிடைச்சொற்கள். ஆகவே ‘ஹிம்’ கடைசியில் நிற்கிறது. ‘லுக் ஹிம் அப்’ என்றால் அந்தப் பக்கம் போகும்போது அவனைப் போய்ப் பார்த்துவிட்டு வா, அல்லது பெயர்ப்பட்டியலில் அவன் பெயரைத் தேடு. ‘அப்’ இங்கே வினையடை. ‘ஹிம்’ நடுவில் புகுந்துவிட்டது. ‘லுக் ஹிம் ஓவர்’ என்றால் மேலும் கீழும் பார்த்து எடைபோடு. அதையே ‘லுக் ஓவர் ஹிம்’ என்று திருப்பிச் சொன்னால் குள்ளமான ஒருவனின் தலைக்கு மேலாக அப்பால் பார் என்று ஆகிவிடும். மூன்று சொற்கள், இரண்டு இடம் மாறுகின்றன, பொருள் வேறு திசைக்குப் போகிறது. தமிழில் ‘அவனைப் பார்’ என்பதை ‘பார் அவனை’ என்று திருப்பினால் தொனி மாறுமே தவிரச் செய்தி மாறாது. நம்மிடம் அந்த வேலையை ஐ உருபு செய்கிறது. பெயர்ச்சொற்களில் வேற்றுமை உருபுகளை ஏறக்குறைய முழுவதும் இழந்த ஆங்கிலம் அந்தப் பாரத்தை இடத்தின் தலையில் ஏற்றிவைத்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இதை ஒரு விதியாகச் சொல்லிக்கொடுப்பார்கள்: ‘ஃபிரேசல் வெர்ப் வந்தால் புரோநவுனை நடுவில் போடு.’ மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் அந்த விதி ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. அதனால்தான் மாணவர்களின் நாக்கில் அது தங்குவதும் இல்லை. பெயர்ச்சொல்லுக்கு இரண்டு இடமும் உண்டு. ‘டர்ன் ஆஃப் த ஃபேன்’ என்றும் சொல்லலாம், ‘டர்ன் த ஃபேன் ஆஃப்’ என்றும் சொல்லலாம். அதே பொருளைக் குறிக்கும் ‘இட்’டுக்கு மட்டும் ஏன் ஓரிடம்தான்? பிரதிப்பெயர் என்ற சொல்வகைக்கே அப்படி ஒரு கட்டளை என்றால் எல்லாப் பிரதிப்பெயர்களும் எப்போதும் அதற்குப் பணிய வேண்டும். அவை பணிவதில்லை. வாசற்காவலரைப் பார்த்து ஒருவர், ‘என்னை வெளியே நிறுத்திவிட்டு அவனைத்தானே உள்ளே விட்டீர்கள்’ என்று குறைபடுகிறார் என்று வையுங்கள். அப்போது ‘ஹிம்’ என்பதைக் குரலை உயர்த்தி அழுத்திச் சொன்னால், ‘யூ லெட் இன் ஹிம்’ என்ற வரிசை செல்லும். ‘ஹிம் அண்ட் ஹிஸ் ஃபிரெண்ட்ஸ்’ என்று பிரதிப்பெயரைப் பெரிய தொடராக நீட்டினாலும் அது பின்னால் போகலாம். சொல் அதே சொல். மாறியது அதன் கனம்.

ஆக, நடுவிடம் பிரதிப்பெயருக்கு என்று ஒதுக்கிய இடம் அன்று; அழுத்தம் இல்லாத சொல்லுக்கான இடம். இதுதான் என் கட்சி, கட்டுரையின் மீதிப் பகுதி முழுவதும் இதற்கான சான்றுகள்தான். ‘டர்ன் த ஃபேன் ஆஃப்’ என்னும்போது ஆங்கிலக் குரல் ‘ஃபேன்’ என்பதில் ஒரு முறை எழும்புகிறது. ‘டர்ன் இட் ஆஃப்’ என்னும்போது ‘இட்’டின்மேல் குரல் நிற்பதே இல்லை, நேரே ‘ஆஃப்’பில் போய் விழுகிறது. இயல்பான ஆங்கிலப் பேச்சைக் கூர்ந்து கேட்டால் அங்கே மூன்று சொற்கள் காதில் விழுவதில்லை. ‘டர்னிடாஃப்’ என்று ஒரே மூச்சு. ‘பிக்கிடப்’, ‘புட்டிடான்’. மெய்யின்மேல் உயிர் ஏறி ஒன்றாவதை நம் இலக்கணம் புணர்ச்சி என்று வகுத்துவைத்திருக்கிறதே, அந்த வேலைதான் இங்கும் நடக்கிறது. தனக்கென்று அழுத்தம் இல்லாத ‘இட்’ முன்னால் இருக்கும் வினையின்மேல் சாய்ந்துகொள்கிறது. ‘டர்ன் ஆஃப் இட்’ என்று சொன்னால் அழுத்தமான ‘ஆஃப்’புக்குப் பின், வாக்கியத்தின் முடிவில், கேட்பவர் புதுச் செய்தியை எதிர்பார்த்து நிற்கும் இடத்தில், செய்தியே இல்லாத ஒரு சொல் வந்து நிற்கும்.

தமிழ்க் காதுக்கு இது பிடிபடாமல் போவதில் வியப்பில்லை. தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்துகிறோம் என்பதால் அந்தச் சொல்லின் பொருள் மாறுவதில்லை. வலியுறுத்த வேண்டியதை வலியுறுத்த நம்மிடம் ஏகாரம் இருக்கிறது, ‘தான்’ இருக்கிறது, உம்மை இருக்கிறது. அழுத்திச் சொன்ன ‘ஹிம்’மைத் தமிழாக்கினால் ‘அவனைத்தான்’ என்று எழுத்திலேயே வந்துவிடும். அழுத்தாத ‘ஹிம்’ வெறும் ‘அவனை’. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆங்கிலத்தைப் பெரும்பாலும் எழுத்தின் வழியாகக் கற்றவர்களுக்கு, எழுத்தில் இல்லாத ஒன்று எழுத்தின் வரிசையை ஆள்கிறது என்பது எப்படித் தெரியும்? எல்லாச் சொற்களுக்கும் சம அழுத்தம் கொடுத்து ‘பிக்’, ‘அப்’, ‘இட்’ என்று படித்துப் பழகியவருக்கு ‘பிக் அப் இட்’ கொஞ்சமும் உறுத்துவதில்லை.

இதே போக்கு ஆங்கிலத்தில் வேறு இடங்களிலும் தெரிகிறது. ‘கிவ் த பாய் த புக்’ என்பது நல்ல வாக்கியம். புத்தகத்தை ‘இட்’ ஆக்கி ‘கிவ் த பாய் இட்’ என்றால் பெரும்பாலான ஆங்கிலக் காதுகள் தயங்கும். ‘கிவ் இட் டு த பாய்’ என்று ‘இட்’டை வினைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுவார்கள். மெல்லியது முன்னால், கனத்தது பின்னால். ஜெர்மன் மொழியறிஞர் ஓட்டோ பெஹாகல் 1909இல் இதை வளரும் உறுப்புகளின் விதி என்று பெயரிட்டு எழுதினார்: வாக்கியத்தில் குறுகிய உறுப்புகள் முந்தும், நீண்டவை பிந்தும். நமக்கு முன்பே தெரிந்ததைக் குறிக்கச் சிறு சொல் போதும். புதிதாகச் சொல்வதற்கு நீண்ட தொடர் வேண்டும். ஆகவே பழைய செய்தி முன்னாலும் புதியது பின்னாலும் வருவதும் இதே போக்கின் இன்னொரு முகம். ‘இட்’ என்று ஒருவர் சொல்லும்போதே எது என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைவிடப் பழைய செய்தி வாக்கியத்தில் இருக்க முடியாது.

பெயர்ச்சொற்களுக்கு இரண்டு இடமும் திறந்திருக்கிறது என்றேன். அந்தத் தேர்வும் தற்செயலாக நடப்பதில்லை. ஸ்டெஃபான் கிரீஸ் என்ற மொழியியலாளர் பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட தரவுத்தொகுப்பின் துணையோடு இந்தச் சொல்வரிசையை ஆராய்ந்து 2003இல் ஒரு முழு நூலே எழுதினார். செயப்படுபொருளின் நீளம், அது முன்பே பேச்சில் வந்ததா என்பது, கூட்டின் பொருள் நேரானதா மரபு வழக்கா என்பது, பின்னால் திசையைக் காட்டும் தொடர் வருகிறதா என்பது எனப் பல காரணங்கள் ஒரே சமயத்தில் இழுக்கின்றன. தோட்டத்து மூலையில் போன வாரம் மாட்டிய பழைய மஞ்சள் விளக்கை அணைக்கச் சொல்ல வேண்டுமானால், அத்தனை சொற்களையும் ‘டர்ன்’ என்பதற்கும் ‘ஆஃப்’ என்பதற்கும் நடுவில் யாரும் திணிப்பதில்லை. கேட்பவர் ‘ஆஃப்’புக்காகக் காத்து ஓய்ந்துபோவார். பேசுபவர் இந்தக் காரணங்களையெல்லாம் ஒரு நொடிக்குள் எடைபோட்டு ஒரு வரிசையைத் தேர்கிறார், தேர்ந்தோம் என்று அறியாமலே.

அழுத்தமே ஆள்கிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று வரலாற்றில் கிடக்கிறது. ‘ஆஃப்’, ‘ஆவ்’ என்ற இரண்டும் இன்று வேறு வேறு சொற்கள். ஒன்றில் இரண்டு எஃப், மற்றதில் ஒன்று. பழைய ஆங்கிலத்தில் அவை ஒரே சொல். வினையடையாக நின்று அழுத்தம் பெற்ற இடங்களில் அது ஓசை கெடாமல் ‘ஆஃப்’ ஆக நின்றது. முன்னிடைச்சொல்லாக அழுத்தமின்றிப் பெயரோடு ஒட்டிய இடங்களில் ஓசை தளர்ந்து ‘ஆவ்’ ஆயிற்று. எழுத்திலும் இரண்டையும் பிரித்து எழுதும் வழக்கம் உறுதியாக நிலைபெற 17ஆம் நூற்றாண்டு ஆனது. ‘டு’ என்ற முன்னிடைச்சொல்லும் ‘டூ’ என்ற வினையடையும் இப்படிப் பிரிந்த உடன்பிறப்புகள்தாம். அழுத்தம் இருந்ததா இல்லையா என்ற ஒரே காரணம் ஒரு சொல்லை இரண்டாக்கி, இரண்டுக்கும் வேறு இலக்கணப் பெயரும் வாங்கிக்கொடுத்துவிட்டது. ‘இட்’டின் கதையும் இதுவே. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹிட்’. அழுத்தமில்லாத இடங்களிலேயே ஆண்டுக்கணக்காகப் புழங்கித் தலையெழுத்தான ஹகரத்தை அது இழந்தது. இன்றும் பேச்சில் ‘தெம்’ என்பதை ‘எம்’ என்கிறார்களே, அது ‘தெம்’ தேய்ந்து வந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ‘ஹெம்’ என்ற பழைய ஆங்கிலப் பிரதிப்பெயரின் எச்சம்.

‘ஹெம்’மை விரட்டிய ‘தெம்’ வடக்கேயிருந்து, கடல் கடந்து வந்தவர்களின் சொல். 9, 10ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களான வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழி, வேறெந்த மொழியும் எளிதில் விட்டுக்கொடுக்காத பிரதிப்பெயரிலேயே ஆங்கிலத்துக்குள் புகுந்தது. ‘தே’, ‘தெயர்’, ‘தெம்’ மூன்றும் அதன் கொடை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் எழுதிய கவிஞர் சாசரிடம் ‘தே’ வந்துவிட்டது, ஆனால் ‘தெம்’ இன்னும் வரவில்லை, ‘ஹெம்’தான் இருக்கிறது. ‘டேக்’, ‘கெட்’ என்ற வினைகளும் நார்ஸ் சொற்களே. ‘டேக் தெம் அப்’ என்று இன்று ஒரு ஆங்கிலேயர் சொன்னால் வினையும் பிரதிப்பெயரும் வைக்கிங்குகள் விட்டுச்சென்றவை. ‘அப்’ மட்டும் உள்ளூர்ச் சொல்.

வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு பொருளை மாற்றும் முன்னொட்டுகள் பழைய ஆங்கிலத்தில் நிறைய இருந்தன. ‘ஃபர்கிவ்’, ‘அண்டர்ஸ்டாண்ட்’ போன்றவை அந்தக் காலத்தின் மிச்சம். நார்மன்கள் இங்கிலாந்தை வென்றதற்குப் பிந்திய நூற்றாண்டுகளில் அந்த முன்னொட்டுகள் ஓசை தேய்ந்து வலுவிழந்தன. சொல்வரிசையும் மாறி, வினை செயப்படுபொருளுக்கு முன்னால் வந்து நிலைத்தது. முன்பு வினைக்கு முன்னாலும் நின்ற ‘அப்’, ‘அவுட்’ போன்றவை இப்போது பின்னால் வந்து நின்றன. இந்த மாற்றத்தை நார்ஸ் தூண்டியதா, வெறுமனே துணை நின்றதா என்பதில் அறிஞர்களிடையே வழக்கு ஓயவில்லை. நான் துணை நின்றது என்ற பக்கம் சாய்கிறேன், ஏனெனில் முன்னொட்டுகளின் தேய்வு ஆங்கிலத்துக்குள்ளேயே தொடங்கியிருந்தது. ‘கிவ் அப்’ என்ற கூட்டின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று பீட்டர்பரோ மடத்து நாளாகமத்தில் 1132ஆம் ஆண்டுக் குறிப்பில் இருக்கிறது. மன்னர் ஒரு மடாதிபதியை அவருடைய பதவியைக் கைவிட வைத்த செய்தி அது. அங்கே எந்த மடத்தின் பதவி என்பதையும் சேர்த்துச் சொல்லும் நீண்ட பெயர்த்தொடர் ‘அப்’புக்குப் பின்னால்தான் நிற்கிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. கனத்தது பின்னால் என்ற வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விந்தை இல்லை என்று தெரிகிறது. ரிக்வேதத்தின் சமஸ்கிருதத்தில் உபசர்க்கங்கள் என்ற முன்னொட்டுகள் வினையிலிருந்து பிரிந்து தனியே நிற்கும். நடுவில் வேறு சொற்கள் வரும். பிற்காலச் சமஸ்கிருதத்தில் அவை வினையின் தலையில் ஒட்டிக்கொண்டன. ஹோமரின் கிரேக்கத்திலும் இந்தப் பிரிவு உண்டு. மொழியறிஞர் யாகோப் வாக்கர்நாகல் 1892இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், பழைய இந்தோ ஐரோப்பிய மொழிகளில் அழுத்தமற்ற சிறு சொற்கள் வாக்கியத்தின் முதற்சொல்லை அடுத்து இரண்டாமிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று காட்டினார். அந்தச் சிறு சொற்களில் பிரதிப்பெயர்கள் முக்கியமானவை. ‘டர்னிடாஃப்’பில் ‘இட்’ வினையின் தோளில் சாய்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வாக்கர்நாகலின் நினைவு வரும். இரண்டும் ஒரே விதி என்று சொல்ல மாட்டேன். ஒரே பண்புள்ள சொற்கள் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்று சொல்லலாம்.

வினை, வினையடை, முன்னிடைச்சொல், பிரதிப்பெயர் நான்கும் ஒரே தொடரில் கூடும்போது இந்த ஏற்பாடு முழு வடிவம் பெறுகிறது. ‘புட் அப் வித் இட்’: பொறுத்துக்கொள். இங்கே ‘இட்’ நடுவில் புகவில்லையே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ‘அப்’ வினையடை, ‘வித்’ முன்னிடைச்சொல். ‘இட்’ வினைக்கு உரியதாக இல்லாமல் ‘வித்’துக்கு உரியதாக இருக்கிறது. ‘வித் இட்’ என்பது ‘அதோடு’ என்பதைப் போல ஒரு மூட்டை. அதை ஆங்கிலம் இந்த வரிசையில் உடைப்பதில்லை. ‘லுக் டவுன் ஆன் ஹிம்’, ‘கெட் அவே வித் இட்’ எல்லாம் இப்படியே. வினைக்கும் தனியாக ஒரு செயப்படுபொருள், முன்னிடைச்சொல்லுக்கும் ஒன்று என்று இரண்டு பிரதிப்பெயர்கள் வந்தால் என்ன ஆகும்? ‘டேக் இட் அவுட் ஆன் மீ’. வினை, பிரதிப்பெயர், வினையடை, முன்னிடைச்சொல், பிரதிப்பெயர். வேறெங்கோ பட்ட கோபத்தை என்மேல் காட்டுவது என்று பொருள். இரண்டு பிரதிப்பெயர்களும் தத்தம் தலைவருக்குப் பக்கத்தில் நிற்கின்றன: ‘இட்’ வினையின் பக்கம், ‘மீ’ முன்னிடைச்சொல்லின் பக்கம். இதில் ‘இட்’ எதைக் குறிக்கிறது என்று தேடிப் பார்த்தால் எதுவும் கிடைக்காது. கோபம் என்ற சொல் முன்னால் எங்கும் வந்திருக்க வேண்டியதில்லை. ஒருவர்மேல் வன்மம் வைத்திருப்பதைச் சொல்லும் ‘ஹேவ் இட் இன் ஃபார் ஹிம்’ என்ற தொடரிலும் ‘இட்’ ஒரு பொருளையும் சுட்டுவதில்லை. பிரதிப்பெயரின் வேலையே ஒன்றைச் சுட்டுவது என்று படித்திருக்கிறோம். இங்கே அது இடத்தை நிரப்ப மட்டும் வந்திருக்கிறது. எடுத்துவிட்டால் தொடர் சரிந்துவிடும்.

வினையடைக்கும் முன்னிடைச்சொல்லுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மறந்து இலக்கணம் பேசியவர்கள் உண்டு. கவிஞர் ஜான் டிரைடன் 1672இல் நாடகாசிரியர் பென் ஜான்சனின் வாக்கியங்கள் முன்னிடைச்சொல்லில் முடிவதைக் குறை என்றார். பிறகு தம் பழைய உரைநடையையே திருத்தி அப்படிப்பட்ட முடிவுகளை நீக்கினார். லத்தீனில் முன்னிடைச்சொல் தன் பெயரை விட்டுப் பிரியாது. லத்தீனே அக்காலப் புலமையின் உரைகல். அங்கிருந்து தொடங்கிய தயக்கம் பல தலைமுறைப் பள்ளிகளில் கட்டளையாகவே நடந்தது. அதைக் கேலி செய்வதற்காகச் சர்ச்சிலின் பெயரில் ஒரு வாக்கியம் உலவுகிறது. அவர் சொன்னதற்கு உறுதியான சான்று இல்லை. ‘புட் அப் வித்’ என்பதில் ‘அப்’, ‘வித்’ இரண்டையும் சேர்த்து ‘விச்’சுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் வாக்கியம் அது. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். ‘வித்’ முன்னிடைச்சொல், அதற்குத் தன் பெயரோடு முன்னால் போக உரிமை உண்டு. ‘அப்’ வினையடை, அது வினையை விட்டுப் போக முடியாது. அதையும் இழுத்துக்கொண்டு போனதுதான் சிரிப்புக்குக் காரணம். செயப்பாட்டு வினையிலோ முன்னிடைச்சொல்லும் வினையோடு பிணைந்துவிடுகிறது. ‘ஷீ வாஸ் லுக்ட் ஆஃப்டர்’ என்று ஆங்கிலம் சொல்கிறது. ‘ஆஃப்டர்’ தன் பெயரை எழுவாயாக அனுப்பிவிட்டு வினையின் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. முன்னிடைச்சொல் என்ற பெயருக்குத் தக்கபடி எதற்கும் முன்னால் அது இப்போது இல்லை.

இலக்கணப் பெயர்களைப் பற்றிய இந்தச் சிக்கல் சிறிதன்று. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையில், வினையோடு ஒரு சிறு சொல்லைக் கூட்டிப் பொருளை மாற்றும் வழக்கம் வேறெந்த மொழியையும்விட ஆங்கிலத்தில் மிகுதி போலும், அந்நியருக்கு மிகப் பெரிய இடர் தருவதும் அதுவே என்று எழுதினார்; அத்தகைய கூட்டுகளைத் தொகுக்கப் பெரும் அக்கறை எடுத்துக்கொண்டதையும் குறித்தார். ஆனால் அவற்றுக்கு அவர் ஒரு பெயர் வைக்கவில்லை. ‘ஃபிரேசல் வெர்ப்’ என்ற பெயர் லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் எழுதிய ‘வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்’ நூலால் பரவியது. அதைத் தமக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர் ஹென்றி பிராட்லி என்று அவரே சொல்கிறார். அதற்கு ஓராண்டுக்கு முன் டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன் அடிப்படையான ஒரு கேள்வியை எழுப்பியிருந்தார். ‘ஈட்’ என்ற வினை செயப்படுபொருளோடும் வரும், இல்லாமலும் வரும். அதற்காக அதை இரண்டு சொல்வகை என்று யாரும் சொல்வதில்லை. அப்படியிருக்க, ‘இன்’ என்பது பெயரோடு வந்தால் முன்னிடைச்சொல், தனியே வந்தால் வினையடை என்று ஏன் பிரிக்க வேண்டும்? ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணம் இந்த வழியில்தான் போகிறது. ‘டர்ன் இட் ஆன்’ என்பதன் ‘ஆன்’னும் அதன் கணக்கில் முன்னிடைச்சொல்லே, பின்னால் பெயர் வாங்காதது. எனக்கு யெஸ்பர்சனின் வாதம் சரியாகவே படுகிறது. கற்பிக்கும்போது மட்டும் பழைய பிரிவை வைத்துக்கொள்கிறேன், பிரதிப்பெயரின் இடத்தை விளக்க அது உதவுவதால். தொல்காப்பியம் இடைச்சொல் என்று ஒரே வகையாக வைத்து, தனித்து இயங்காமல் பெயரையும் வினையையும் சார்ந்து இயங்குபவை என்று இலக்கணம் சொன்னது. ‘ஆன்’, ‘அப்’, ‘ஆஃப்’ மூன்றையும் அதற்குள் உட்காரவைப்பது லத்தீன் பெட்டிகளில் அடைப்பதைவிட எளிது.

ஆங்கிலக் கூட்டுகளுக்கு ஒழுங்கே இல்லை என்று அலுத்துக்கொள்ளும் தமிழ் மாணவர்களிடம் நான் ‘விட்டுக்கொடு’ என்பதை எடுத்துக்காட்டுவேன். அதில் விடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. ஆங்கிலத்தில் ‘கிவ் இன்’. ‘பார்த்துக்கொள்’ என்பதில் கொள்வதற்கு ஒன்றுமில்லை, ‘லுக் ஆஃப்டர்’. ஆங்கிலம் ‘ஈட் அப்’ என்று முடிவைக் காட்டும் இடத்தில் நாம் ‘தின்றுவிடு’, ‘தின்று தீர்’ என்போம். அவர்கள் இடத்தைச் சுட்டும் சிறு சொல்லால் செய்வதை நாம் துணைவினையால் செய்கிறோம். இந்தக் கூட்டுகளின் நடுவில் எது புகலாம் என்று பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. ‘விட்டுத்தான் கொடுப்போமே’ என்று சொல்லலாம், பொருள் கெடவில்லை. ‘விட்டு அவனுக்குக் கொடு’ என்றால் கூட்டு கலைந்து, கையிலிருப்பதை விட்டு அவனுக்குக் கொடு என்று நேர்ப்பொருள் வந்துவிடும். தமிழ்க் கூட்டுவினையின் இடைவெளியில் நுழைய ‘தான்’, ஏ, உம் போன்ற இடைச்சொற்களுக்கே அனுமதி. அவை தனியே நிற்க வலுவில்லாமல் முன்சொல்லின்மேல் சாய்பவை. ஆங்கில இடைவெளி பெயருக்கும் திறந்திருந்தாலும், வேறு போக்கிடம் இல்லாமல் அங்கேயே குடியிருப்பது சாயும் சொல்லான ‘இட்’.

ஆங்கிலத்தை நாம் கையாளும்போது நேரும் சில தடுமாற்றங்களையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். இந்தியாவில் ‘கோப் அப் வித்’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். பிரிட்டிஷ் வழக்கில் ‘கோப் வித்’ மட்டுமே. ‘கீப் அப் வித்’, ‘புட் அப் வித்’ என்ற மூன்றுசொல் அச்சு மனத்தில் பதிந்து, அந்த அச்சுக்குள் ‘கோப்’பும் விழுந்துவிட்டது. ‘டிஸ்கஸ் அபவுட் இட்’ என்பதில் ‘டாக் அபவுட் இட்’ என்பதன் அச்சு. அறியாமை என்று இவற்றை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஒத்த வடிவங்களைக் கண்டு இணைக்கும் அறிவு அதில் வேலை செய்கிறது. ஆங்கிலமே தன் கூட்டுகளை இப்படித்தான் பெருக்கிக்கொண்டது.

தமிழ்ப் பேச்சுக்குள் வந்துவிட்ட ஆங்கிலக் கூட்டுகளை நாம் வைத்திருக்கும் விதம் வேறு. ‘பிக்கப்’, ‘செட்டப்’, ‘பேக்கப்’, ‘மேக்கப்’, ‘பிரேக்டவுன்’. வினையையும் வினையடையையும் இறுக்கி ஒரே பெயராக்கி, பின்னால் ‘பண்ணு’ அல்லது ‘ஆகு’ சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் அம்மா அப்பாவிடம், பள்ளி விட்டதும் மகளை அழைத்து வரச் சொல்ல, ‘பிக் ஹெர் அப்’ என்பார். மகள் நடுவில் இருப்பாள். சென்னையிலோ அம்மா, ‘அவள நாலு மணிக்குப் பிக்கப் பண்ணிருங்க’ என்கிறார். ஐ உருபின் சாயலோடு ‘அவள்’ வாக்கியத்தின் முதலிலேயே வந்துவிட்டாள், ‘பிக்’குக்கும் ‘அப்’புக்கும் நடுவில் யாருக்கும் இடமில்லை.